வெள்ளிக்கிழமை ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை வண்டி

வேலூரில் இறங்கியதும், வந்திருப்பது தமிழ்நாடுதானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த சந்துகளில் லாட்ஜுப் பலகை, ஓட்டல் பலகை, மருந்துக் கடைப் பலகை எல்லாவற்றிலும் வங்காள எழுத்து. எனக்கு அறை கொடுத்த லாட்ஜில் தமிழ் பேசியவர்கள் இரண்டே பேர்: மேனேஜரும் நானும். பக்கத்து அறை அம்மாள் நடையில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துக் கடுகெண்ணெயில் மீன் வறுத்துக்கொண்டிருந்தார். என் மூக்கு அங்கேயே குடியேறிவிட்டது.

அவர் கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு. இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். மேனேஜர் அந்த அம்மாளின் பேச்சைத் தமிழில் சொன்னார்: "இங்க வந்துட்டா பொழச்சிக்கலாம்னு அவங்க ஊர்ல எல்லாரும் சொல்றாங்களாம்." அந்த அம்மாள் எனக்கும் ஒரு துண்டு மீன் கொடுத்தார். தைப்பிங்கில் நாங்கள் மீனை மஞ்சளும் மிளகாயும் போட்டுக் கொலை செய்வோம். இது அப்படி இல்லை, மீன் மீனாகவே இருந்தது. இவ்வளவு தூரத்திலிருந்து நம்பி வருகிறார்களே என்று எனக்கு ஏதோ என் சொந்த ஊரையே பாராட்டியதுபோல் பெருமையாகக்கூட இருந்தது.

நான் ஏன் வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் தைப்பிங்கில் எனக்கு ஒரு மருந்துக் கடை. அந்த ஊர்த் தமிழர்கள் நாங்கள் சேர்ந்து ஓர் அறநிதி நடத்துகிறோம். ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் டேனரிகளில் வேலை செய்கிறவர்கள் வைத்தியம் பார்க்க வழியில்லாமல் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு வருடத்துக்கு முன் எங்கள் நிதி ஒரு மருத்துவ வேன் வாங்கிக் கொடுத்தது. வேன் எப்படி ஓடுகிறது, அதைத் தொடர்ந்து நடத்தலாமா என்று பார்த்துவர எங்கள் செயலாளர் வந்திருக்க வேண்டும். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து படுத்துவிட்டார். மாதவரத்தில் இருக்கும் என் சித்தி பெண்ணைப் பார்க்க நான் எப்படியும் வருவதாக இருந்தேன். "விமலா, நீ போய் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடு" என்றார் தலைவர் சுப்பையா. தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம் அது.

நான் வேலூர் வந்து சேர்ந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. வேன் ஞாயிற்றுக்கிழமைதான் வரும். அதற்கு முன் யாருக்கும் சொல்லாமல் ஆம்பூரைப் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினேன். மாமியார் வீட்டையும் அரசாங்க அலுவலகத்தையும் சொல்லாமல் போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பது என் கொள்கை.

பள்ளிகொண்டா தாண்டியதும் பஸ் டயர் வெடித்தது. கண்டக்டர் எந்தப் பதற்றமும் இல்லாமல் இறங்கி, டயரைப் பார்த்து, பீடி பற்ற வைத்தார். எங்கள் ஊரில் இப்படி ஆனால் மன்னிப்புக் கேட்டு மாற்றுப் பஸ் அனுப்புவார்கள். இங்கே எல்லோரும் புளியமரத்தடிக்குப் போய்விட்டார்கள். கொய்யாப்பழம் விற்ற பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா மா, எந்த ஊரு நீங்க? தமிழ்தான் பேசறீங்க, ஆனா வேற மாரி கீது." மலேசியா என்றேன். "அங்க கொய்யா இல்லியா?" என்று பாவப்பட்டு ஒரு பழம் கூடுதலாகப் போட்டாள்.

சாலையை ஒட்டிப் பாலாறு வந்தது. அதாவது, பாலாறு என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். ஒரே மணல். அங்கங்கே பழுப்பு நிறத்தில் தேங்கிய நீர், அதன் ஓரத்தில் வெள்ளையாக நுரை. மலேசியாவிலேயே அதிகம் மழை பெய்கிற ஊர் எங்களுடையது. மழை வராத நாளைத்தான் நாங்கள் ஞாபகம் வைத்திருப்போம். "இந்தத் தண்ணியக் குடிப்பாங்களா?" என்று கேட்டேன். "மாடு கூட குடிக்காது மா. கெணத்துத் தண்ணியும் அதே கலர்தான்" என்றார் அவர், பேப்பரை மடித்துக்கொண்டே.

ஆம்பூரில் இறங்கியதும் அந்த வாடை வந்தது. ரப்பர் ஆலை வாடையில் பிறந்து வளர்ந்தவள் நான், என்னை எதுவும் ஒன்றும் செய்யாது என்று நினைத்திருந்தேன். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தவள்தான், ஊரை விட்டுக் கிளம்பும்வரை எடுக்கவில்லை.

ஆனால் ஊர் ஓய்ந்து கிடந்தது. டேனரிகளின் பெரிய இரும்புக் கதவுகள் பூட்டியிருந்தன. கடைகள் பாதி மூடியிருந்தன. வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஆண்கள் பள்ளிவாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். குடியிருப்புப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பெண்கள் துணி துவைத்துக்கொண்டு, ஆண்கள் கட்டிலைப் போட்டுச் சாய்ந்துகொண்டு, ஏதோ திருவிழாவுக்கு மறுநாள் மாதிரி இருந்தது. யாராவது தலைவர் செத்துவிட்டாரோ, கடையடைப்போ என்று நினைத்தேன். பிரியாணிக் கடைக்காரர், "தொழுகை முடிஞ்சி வந்துட்றேன் மா, ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

காத்திருந்தது வீண் போகவில்லை. சீரகச் சம்பா அரிசி, பக்கத்தில் புளிப்பும் எள்ளுமாகக் கத்தரிக்காய். எங்கள் ஊர் நாசி பிரியாணி இதன் முன்னால் வெறும் மஞ்சள் சோறு. இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டேன். இதை என் டாக்டரிடம் யாரும் சொல்ல வேண்டாம். சாப்பிட்ட மயக்கத்தில், கண்ணெதிரே பார்த்த அந்தப் பூட்டிய கதவுகளைப் பற்றி நான் மேலே யோசிக்கவில்லை.

சனிக்கிழமை வேலூரை ஒட்டிய பாகாயத்தில் ஞானசெல்வி வீட்டில் சாப்பாடு. எங்கள் வேனில் வேலை செய்யும் நர்ஸ் அவர். ஐம்பது வயதிருக்கும். மெல்லிய குரல், இஸ்திரி கலையாத புடவை. வேன் ஓட்டுகிற ஜாஃபர் பாயும் வந்திருந்தார். இருவரும் என்னைப் சோதனைக்கு வந்த அதிகாரியைப்போல நடத்தினார்கள். நான் எதைக் கேட்டாலும், "எல்லாம் நல்லா போவுது மேடம்" என்றார் ஞானசெல்வி. "ஃபர்ஸ்ட் கிளாஸ் மா" என்றார் ஜாஃபர் பாய். வெளியே யாரோ வர, ஜாஃபர் பாய் வாசலில் நின்று உருதுவில் பேசினார். எங்கள் ஊர்ப் பாகிஸ்தான்காரர் துணிக்கடையில் கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் உருது புரியும். "வெளிநாட்டுலேர்ந்து வந்திருக்காங்க. வாய மூடிக்கிட்டு இருந்தாத்தான் வண்டி இருக்கும்" என்பது அவர் சொன்னதன் சாரம். சொந்தத்தில் ஏதோ சச்சரவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வேனை முதன்முதலாக நேரில் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. பக்கவாட்டில் எங்கள் நிதியின் பெயர், ஆள் உயரத்துக்கு. அதற்குக் கீழே, 'தோல் தொழிலாளர் இலவச மருத்துவம்'. ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரோரம், டேனரிகளுக்குப் போகிற சாலையில் நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வருகிற டாக்டர் உள்ளே உட்கார்ந்துகொண்டார். நாங்கள் போவதற்குள் வரிசை நின்றிருந்தது. இவர்கள் மாதாமாதம் அனுப்ப, தைப்பிங்கில் நாங்கள் பார்த்துப் பூரிக்கும் படத்தில் உள்ள அதே நீள வரிசை.

நான் மருந்துக் கடைக்காரி. ஆளைப் பார்த்தால் என்ன மாத்திரை என்று ஓரளவு சொல்வேன். வரிசையில் முதலில் நின்றவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், ரத்த அழுத்தம். அடுத்தவர் தாலுகா ஆபீசில் வேலை, சர்க்கரை பார்க்க வந்திருக்கிறார். அப்புறம் ஒரு பேங்க் ஊழியரின் மனைவி, "சத்து மாத்திரை மட்டும் போதும் சிஸ்டர்" என்றார். எல்லோரும் குளித்து, பவுடர் போட்டு, நல்ல செருப்புப் போட்டு வந்திருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. இலவசமாகப் பார்த்தால் யார்தான் வர மாட்டார்கள்? ஆனால் வரிசை முழுக்கக் கைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். தோல் வேலை செய்த கை ஒன்றுகூட இல்லை.

"தொழிலாளிங்க எங்க சிஸ்டர்?"

"வருவாங்க மேடம்" என்றார் ஞானசெல்வி, என் முகத்தைப் பார்க்காமல்.

மதியம் சங்கு ஊதியது. எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து நான் எழுந்துவிட்டேன். ஜாஃபர் பாய் மெதுவாக, "சாப்பாட்டு சங்கு மா" என்றார். இரும்புக் கதவுகள் திறந்தன. வெள்ளிக்கிழமை பூட்டியிருந்த அதே கதவுகள். உள்ளேயிருந்து ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கணக்கில் வெளியே வந்தார்கள். முழங்கால்வரை நனைந்தவர்கள், கைகள் நீலமாகச் சாயமேறியவர்கள், இருமிக்கொண்டே நடப்பவர்கள். எங்கள் வேனை ஒட்டிய சாலையில், எங்கள் பெயரை ஒட்டி, ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள். யாருக்காக வண்டி வாங்கினோமோ அவர்கள் எல்லோரும் என் எதிரில் போய்க்கொண்டிருந்தார்கள். 

அந்தக் கூட்டத்தில் ஒருவர் வலது காலில் பிளாஸ்டிக் சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார். கயிற்றுக்கு மேலே வீங்கிய தோல் பளபளத்தது. சாக்கின் ஓரம் ஈரமாக, மஞ்சளாக இருந்தது. அதையெல்லாம்விட என்னைப் பதற வைத்தது அவர் நொண்டவில்லை என்பதுதான். அப்படிப்பட்ட காலை ஊன்றி, சாதாரணமாக நடந்து போனார். கடையில் இருபது வருடமாகச் சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கிறேன். வலிக்கிற புண்ணைவிட வலிக்காத புண்ணுக்குத்தான் நான் பயப்படுவேன்.

ஓடினேன். என் வயதுக்கும் உடம்புக்கும் அது ஓட்டமா என்று கேட்காதீர்கள். "ஐயா, நில்லுங்க!"

"இன்னா மா?" அவர் நிற்கவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் குறைத்தார்.

"கால்ல என்ன?"

"ஒண்ணும் இல்ல மா. சுண்ணாம்புத் தொட்டில எறங்கி வேல. தோல்ல முடி போறதுக்கு சுண்ணாம்புல ஊற வெப்பாங்க இல்ல? அந்தத் தண்ணி பட்டு கொஞ்சம் அரிச்சிடுச்சி. ஆறிடும்."

"வலிக்குதா?"

"மொதல்ல ஜாஸ்தியா வலிச்சுது. இப்ப சுத்தமா இல்ல மா" என்றார், நல்ல சேதி சொல்கிறவர்போல.

"அதோ நிக்கிற வண்டி உங்களுக்காகத்தான் வந்திருக்கு. வாங்க, காட்டிட்டுப் போங்க."

"தெரியும் மா. வாரா வாரம் பாக்கறேன். வரிச பெருசா இருக்கும். எனக்கு சாப்பாட்டுக்கு அர அவர்தான். லேட்டா போனா அர நாள் கட்."

"லீவு நாள்ல வந்து காட்டலாம் இல்ல?"

அவர் இப்போதுதான் நின்றார். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "லீவு நாள்ல வண்டி வராதே மா. எங்களுக்கு லீவு வெள்ளிக்கெழமதான். இந்த ஊரு தோல் ஷாப்புங்க எல்லாம் முதலாளிமாருங்க தொழுவுற நாளுதான லீவு? ஞாயித்துக்கெழம ஃபுல் டூட்டி."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் பெயர் ஏழுமலை என்பது அப்புறம் தெரிந்தது.

நடுச் சாலையில் நின்றேன். சைக்கிள்காரர் ஒருவர் திட்டிவிட்டுப் போனார். ஒரு வருடம். வாரா வாரம். தொழிலாளிகள் உள்ளே வேலையில் இருக்கும் நாளாகப் பார்த்து, அவர்கள் வாசலில், அவர்கள் பெயர் எழுதிய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம். வேண்டுமென்றே கேலி செய்ய நினைத்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது. அதைவிட எனக்கு வெட்கமாக இருந்தது வேறொன்று. எங்கள் பக்கத்து மாநிலமான கெடாவில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. எங்கள் குழுவிலேயே அந்த மாநிலத்து அலோர் ஸ்டாரில் பெண் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் பேரனைப் பார்க்கப் போவார்கள். அவர்களும் சேர்ந்துதான் ஆம்பூருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்தார்கள்.

திரும்பி வந்து ஞானசெல்வியைப் பிடித்துக்கொண்டேன். வரிசை பார்த்துக்கொண்டிருந்தது, எனக்குக் கவலையில்லை. "உங்களுக்குத் தெரியாதா சிஸ்டர்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. "தெரியும் மேடம். இந்த ஊர்ல யாருக்குத் தெரியாது? ஆனா வண்டி வரும்போதே ஞாயித்துக்கிழமைன்னு சொல்லித்தான் வந்துது. உங்க ஊர்ல ஏதோ வேண்டுதல் இருக்கும், அந்த நாள்லதான் தர்மம் பண்ணுவீங்கன்னு நெனச்சோம். வண்டியே குடுத்தவங்ககிட்ட கெழமையப் பத்திப் பேசினா, வண்டியத் திருப்பி எடுத்துக்கிட்டா என்ன பண்றது? நானே ஒரு வருஷமா சர்ச்சுக்குப் போகல மேடம்."

ஜாஃபர் பாய் துணியால் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். முந்தின நாள் வாசலில் அவர் சொன்னதன் பொருள் எனக்கு இப்போது விளங்கியது. எங்களுக்காக அவர்கள், அவர்களுக்காக நாங்கள் என்று எல்லோரும் யாருக்கும் வேண்டாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறோம்.

அன்று வேலை முடிகிற சங்கு ஊதியதும் ஏழுமலை வீட்டைத் தேடிப் போனோம். ஒற்றை அறை. அவர் மனைவி கஸ்தூரியும் அதே டேனரியில் சாயம் போடுகிற இடத்தில் வேலை. அவளே கயிற்றை அவிழ்த்தாள். சாக்கு கழன்றதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டேனரி வாடையை மீறி அந்த வாடை வந்தது. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. ஞானசெல்வி கழுவிக் கட்டுப்போட்டார். பிறகு, "நாளைக்குக் காலைல வேலூர் ஆஸ்பத்திரி" என்றார்.

"வெள்ளிக்கெழம போறேன் சிஸ்டர்."

"வெள்ளிக்கெழம வரைக்கும் இந்தக் கால் இருக்காது."

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் தைரியம் சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ.  கஸ்தூரிதான் எழுந்து, "வேல எடம் போனா போவுது. காலு இல்லாம எடத்த வெச்சிக்கினு இன்னா பண்ணுவ? நாளைக்கே போலாம்" என்று முடித்துவிட்டாள். அந்த ஆஸ்பத்திரிக்கு அவர்கள் இதுவரை போனதே இல்லையாம். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். என் பக்கத்து அறைக்காரர்கள் இரண்டு நாள் ரயிலில் வந்துவிட்டார்கள். இவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் எட்டவில்லை. முதல் நாள் நான் பட்ட பெருமையை நினைத்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது.

வேலூருக்குத் திரும்பியதும் நேராக டெலிபோன் பூத்துக்குப் போய்த் தலைவர் சுப்பையாவைப் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமைதானே எல்லாருக்கும் ஓய்வு?" என்றார்.

"எல்லாருக்கும் இல்ல. கெடாவுல?"

 "சரி, வெள்ளிக்கிழமைக்கு மாத்தலாம். குழு கூடட்டும்" என்றார். நான் விடவில்லை. இப்போது சம்பளமில்லாமல் வருகிற டாக்டர் மற்ற நாட்களில் வேறு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர், வெள்ளிக்கிழமைக்கு வேறு டாக்டர் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும் என்றேன்.

"சம்பளமா? நம்ம விதியில அது இல்லையே விமலா. வண்டி, கருவி, கட்டடம், இதுக்குத்தானே நாம கொடுக்கிறது?"

"ஆமா. எதுமேல பேர் எழுத முடியுமோ அதுக்குத்தான் கொடுப்போம். டாக்டர் முதுகுல எழுத முடியாது இல்ல?"

பூத்துக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தியிருக்கிறேன். தலைவர் என்னைவிட மூத்தவர், அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். ஆனால் எனக்குக் கண்ணை மூடினால் அந்தக் கறுத்த விரல்கள் தெரிந்தன. ஃபோனை வைத்துவிட்டேன்.

திங்கள் முழுவதும் ஆஸ்பத்திரியில் போயிற்று. ஒவ்வொரு வரிசையிலும் தமிழைவிட மற்ற பாஷைகள்தான் அதிகம் காதில் விழுந்தன. சர்க்கரை பார்த்தார்கள். ஏழுமலைக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். எங்கள் வேனில் சர்க்கரை பார்க்கும் கருவி முதல் நாளிலிருந்தே இருக்கிறது. டாக்டர் இளைஞர், பொறுமையானவர். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார். ஏழுமலை, "வெரலு மட்டுந்தான சார் கறுத்திருக்குது?" என்று கேட்டார். டாக்டர் மறுபடியும் முதலிலிருந்து விளக்கினார். "கொஞ்ச மாசம் முன்னாடி வந்திருந்தா மருந்துலயே ஆறியிருக்கும்" என்று கடைசியில் சொன்னார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை லாட்ஜு மேனேஜர் கதவைத் தட்டி, மலேசியாவிலிருந்து ஃபோன் என்றார். தலைவர்தான். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்துப் போனேன்.

"தூக்கமே வரல விமலா" என்றார். "எங்கம்மா ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவப் போற நேரத்துலதான் தோட்டத்து ஆஸ்பத்திரி திறந்திருக்கும். அவங்க வேலை முடிஞ்சி வர்றதுக்குள்ள மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் பூட்டிட்டுப் போயிடுவாரு. அப்படியே இருமி இருமித்தான் போய்ச் சேர்ந்தாங்க. நானும் அதையேதான் அங்க பண்ணியிருக்கேன்." உடனே காரியத்துக்கு வந்தார். "வெள்ளிக்கிழமைக்கு மாத்திடு. டாக்டர் சம்பளத்துக்கு நான் குழுகிட்ட பேசிக்கிறேன். வேற என்ன வேணும்னு என்னைக் கேக்காத. அங்க இருக்கிறவங்களைக் கேளு."

அவரைப் பல வருடமாகத் தெரியும். அவர் அம்மாவைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

கேட்டேன். கேட்கக் கேட்கத்தான் எவ்வளவு கேட்காமல் இருந்திருக்கிறோம் என்று தெரிந்தது. ரத்த அழுத்த மாத்திரை கம்மியாக இருந்தால் போதும், கட்டுத் துணியும் புண் மருந்தும் ஜாஸ்தி வேண்டும் என்றார் ஞானசெல்வி. பாகாயத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெண் டாக்டர் ஒருவரை அவரே கூட்டிவந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவர்களுடன் கூடப் போய் வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும் என்றார் அந்த டாக்டர். வெள்ளிக்கிழமை ஓட்டுவதில் உங்களுக்குச் சிரமமில்லையா என்று ஜாஃபர் பாயைக் கேட்டேன். "ஜும்மாவுக்கு ஒரு அவர் விட்டா போதும் மா. மீதி நாள் பூரா ஓட்றேன். ஒரு வருஷமா இதத்தான் ஓட்டணும்னு இருந்தேன்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை வேன் அதே பள்ளிக்கூடத்துச் சுவரோரம் நின்றது. யாருக்கும் பெரிதாக அறிவிக்கவில்லை. முதல் ஒரு மணி நேரம் நாலைந்து பேர்தான். தொழுகைக்குப் போன ஜாஃபர் பாய் திரும்பியபோது பின்னால் ஒரு கூட்டமே வந்தது. "பள்ளிவாசல்ல சொல்லிட்டேன். டீக்கடையிலயும் சொல்லிட்டேன். தோஸ்துங்க கோயில் பக்கம் சொல்லப் போயிருக்காங்க" என்றார்.

அன்று நான் பார்த்ததை முழுக்க எழுத எனக்குத் தைரியமில்லை. நகமே இல்லாத விரல்கள். தோலுக்குப் போடும் ரசாயனத்தின் ஆவியில் மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுந்தவர்கள். மூச்சு வாங்கி வாங்கி ஒரு வாக்கியத்தை மூன்று தவணையாகச் சொன்ன ஒருவர், வயது கேட்டால் முப்பத்தைந்து. எல்லோரும் இதே ஊரில், எங்கள் வண்டிக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தவர்கள். கட்டுத் துணி பாதி நாளிலேயே தீர்ந்துவிட்டது. ஞானசெல்வி தன் பையிலிருந்து புது வேட்டி ஒன்றை எடுத்துக் கிழித்தார். பிரியாணிக் கடைக்காரர் எங்களுக்குப் பொட்டலம் கொடுத்து அனுப்பினார். முந்தின வெள்ளிக்கிழமை இரண்டு முறை வாங்கித் தின்ற எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் ஊர் திரும்ப வேண்டும். ஞானசெல்வி காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு, நல்ல பட்டுப் புடவையோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். ஏழுமலையின் வார்டுக்குச் சேர்ந்து போனோம். அவருக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகிவிட்டதைப் பார்க்காமல் இருக்க முயன்று, நான் ஆரஞ்சுப் பழங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கஸ்தூரி காப்பி வாங்கி வந்தாள். டம்ளரை நீட்டியபோது ஞானசெல்வி அவள் கையைப் பிடித்துத் திருப்பினார். விரல் மூட்டுகளில் குழிகுழியாகப் புண். கஸ்தூரி வெடுக்கென்று கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "அது ஒண்ணும் இல்ல சிஸ்டர். எங்க செக்‌ஷன்ல எல்லாருக்கும் இருக்குது."

"வர்ற வெள்ளிக்கெழம வண்டிக்கு வந்து காட்டு. இனிமே வெள்ளிக்கெழமதான் வருது."

"லீவு அன்னிக்கா?" கஸ்தூரிக்கு நம்பிக்கை வரவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். "அப்ப வர்றேன் சிஸ்டர்."

ஏழுமலை கண்ணை மூடியிருந்தார், தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன். நல்ல சேதியை அவரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று, "உங்களுக்கும்தான். இனிமே வெள்ளிக்கிழமை வண்டி" என்றேன்.

அவர் கண் திறந்து கொஞ்ச நேரம் யோசித்தார். "எனக்கு ஞாயித்துக்கெழமையே வெச்சிருந்தாலும் பரவால்ல மா" என்றார். "இனிமே எனக்கு தெனமும் லீவுதான."

குத்திக்காட்டுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. எங்களுக்கு அலைச்சல் வேண்டாமே என்றுதான் சொன்னார்.